ஒத்தை பெல்

புகுந்த வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் என் மாமனார். கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதமே வைத்துவிட்டார்.

மாமா இருபது வருஷத்துக்கு மேல் தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். எங்கள் ஊரில் அதை மைன்ஸ் என்போம். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். கேஜை இழுக்கிறவர் மேலே இன்ஜின் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கீழே இருக்கும் ஆளின் முகம் அவருக்குத் தெரியாது, குரலும் கேட்காது. பெல் சத்தம்தான் பேச்சு. ஒரு பெல் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறான், பார்த்து மெதுவாக.

மைன்ஸை மூடி இத்தனை வருஷமாகியும் மாமாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு போதும் என்றால் விரல் முட்டியால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு. குழம்பு இன்னும் ஊற்றலாம் என்றால் இரண்டு. குளியலறைக் கதவை யாராவது தெரியாமல் தள்ளினால் உள்ளிருந்து மூன்று தட்டு கேட்கும். பேசத் தொடங்குவதற்கு முன்பே என் மகளுக்கு இது வந்துவிட்டது.

நான் எதற்கும் வேண்டாம் என்று சொல்கிறவள். குழந்தைக்கு ஐஸ் வேண்டாம், இருட்டிய பிறகு பைக் வேண்டாம், மூடி வைக்காத தண்ணீர் வேண்டாம். சொன்ன பிறகு, சொன்னது சரிதானா என்று அரை நாள் யோசிப்பேன். அது வேறு. ஆனால் சொல்லிவிடுவேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மாமா உள்ளேயிருந்து, "வந்துடுச்சுடா நம்ம ஊட்டு ஒத்த பெல்லு" என்பார். என் கணவர் சிரிப்பார். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அந்தப் பெல்லை அடிக்கவில்லை.

என் கணவர் பெங்களூரில் வேலை செய்கிறார். விடியுமுன் எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். போகவர நாலு மணி நேரம். பெரும்பாலும் நின்றுகொண்டேதான். அந்த நாலு மணி நேரமும் போனில் மலைகளைப் பார்ப்பார். யாரோ காரில் போகிறார்கள், கூடாரம் அடிக்கிறார்கள், பாத்திரத்தில் நூடுல்ஸ் கொதிக்கிறது. மூன்று வருஷம் இப்படிப் பார்த்தார். அதோடு நின்றிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோக்களில் ஒன்றை மாமாவிடம் காட்டிவிட்டார்.

நாங்கள் பௌத்தக் குடும்பம். மாமாவின் தாத்தா காலத்திலேயே, வட ஆற்காட்டிலிருந்து மைன்ஸுக்கு வந்த கொஞ்ச வருஷத்தில், மாறியவர்கள். மாரிகுப்பம் பக்கத்தில் ஒரு சின்ன புத்த விகாரம் உண்டு. ஞாயிறு காலையில் அதைப் பெருக்கி விளக்கேற்றுவது மாமாதான். அந்த வீடியோவில் வடக்கே வெகு உயரத்தில் இருக்கும் ஸ்பித்தி என்ற இடம் வந்தது. ஒரு மரம் இல்லாத, புல் இல்லாத, சாம்பலும் பழுப்புமான மலை, அதன் உச்சியில் வெள்ளையடித்த மண்கட்டடம், உள்ளே புத்தர். மாமா போனை வாங்கினார். திருப்பித் தரவில்லை.

"இவ்ளோ மேல நம்மாளு எப்டி போய் குந்தினுகீறாரு பாரு," என்றார். கொஞ்சம் கழித்து, "மலையப் பாத்தியா. நம்ம சைனைட் மேடு மாதிரியே கீது."

உண்மைதான். எங்கள் ஊரைச் சுற்றி அப்படிப்பட்ட மேடுகள்தான். கல்லை அரைத்து, சைனைட் ஊற்றித் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காய்ந்த நாட்களில் காற்றடித்தால் அந்த மண் சோற்றுத் தட்டு வரை வரும். மழை பெய்தால் இறுகிவிடும். நனைந்த சைனைட் மண் சிமெண்ட் தரை மாதிரி. அதன்மேல் சைக்கிள் பழகாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நானும் அங்கேதான் பழகினேன்.

அங்கே போவதென்று முடிவாகி, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் மாமாவுக்கு இருமல் கூடியது. கணவர் வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனேன். டாக்டர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் கல்தூசி என்றார். எங்களுக்குத் தெரியாததில்லை; மைன்ஸில் துளை போட்டவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்படியே நடந்துகொண்டு, டீக்கடைக்குப் போய்க்கொண்டு சில வருஷம் ஓட்டலாம் என்றார். நான் மலைக்குப் போவதைச் சொன்னேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே அங்கே மூச்சு பிடிக்கும், இவரைக் கூட்டிப் போகவே கூடாது, வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

மாமா வெளியே பெஞ்சில் இருந்தார். ஆட்டோவில் வரும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். ஆட்டோ ஊரிகத்தைத் தாண்டியது. அப்புறம் சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லாதமா. நீ சொன்னா கேட்டுப்பான்."

"மூச்சு விஷயம் மாமா."

"நான் பாக்காத மூச்சா. ஒரு தபா போயி கும்பிட்டு வந்துடறேன். அப்பறம் இன்னா ஆனாலும் ஆவட்டும்." என் கையை அவர் தொட்டதே இல்லை, அன்று மணிக்கட்டில் விரலை வைத்தார். "இந்த ஒரு தபா மட்டும் பெல்லு அடிக்காத."

அன்று மாலை என் கணவர் கேட்டபோது, சளிக்கு மாத்திரை கொடுத்தார் என்றேன். சீட்டை என் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தேன்.

ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது ஒரு காரணம். அவருடைய உடம்பு, அவருடைய முடிவு என்று படித்தவளாக நினைத்துக்கொண்டது இன்னொன்று. ஆனால் சொல்லக் கூசும் காரணம் ஒன்றும் இருக்கிறது. ஐந்து வருஷம் எல்லாவற்றையும் நிறுத்துகிறவளாக இருந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஒரு முறையாவது நான் நிறுத்தாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் போனோம். மழை முடிந்து குளிர் தொடங்காத நல்ல சமயம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். பனி விழ இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். சண்டிகரில் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு என் கணவரே ஓட்டினார். நான்கு வயது மகள், நான், மாமா பின்சீட்டில். நான் வற்புறுத்தியதால் ஆறு நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினோம். தினமும் காலையில் மாமாவின் நகங்களைப் பார்ப்பேன். வெளுத்திருக்கும், ஆனால் நீலமில்லை. அவர் கையை நீட்டிவிட்டு, "இன்னா டாக்டரம்மா, பாஸா?" என்பார்.

வீடியோவில் பார்த்த அந்த மடத்துக்கு ஏறும்போது மாமா பத்துப் படிக்கு ஒரு முறை நின்றார். உள்ளே இருட்டு, வெண்ணெய் விளக்கின் வாடை. சுவர் முழுக்கக் கோரைப்பல் வைத்த சாமி படங்கள். எங்கள் விகாரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. மாமா அவற்றைப் பார்க்கவில்லை. நேராக நடுவில் இருந்த புத்தர் முன் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வதைச் சொன்னார். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நின்றார். மூலையில் உட்கார்ந்திருந்த வயதான துறவி ஒருவர் எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் டீ கொண்டுவந்து கொடுத்தார். உப்பு போட்ட டீ. மாமா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வெளியே வந்ததும், "உப்பு டீ குடிச்சேன்னு சொன்னா ஊர்ல ஒருத்தன் நம்புவானா?" என்றார். படியில் இறங்கும்போது அவர் கண் ஈரமாக இருந்தது. நான் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் என்னால் இன்று மன்னிக்க முடியவில்லை.

வந்த வழியே திரும்பியிருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. மாமா நன்றாக இருப்பதைப் பார்த்து என் கணவருக்குத் தைரியம் வந்தது. மறுபக்கம் கணவாய் வழியாக இறங்கினால் ஆற்றோரம் கூடாரத்தில் ஒரு நாள் தங்கலாம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போவதா என்றார். கணவாய் இன்னும் உயரம். அங்கே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஆகஸ்டிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். முதல் பெல்லை அடிக்காதவளால் இரண்டாவதையும் அடிக்க முடியவில்லை.

கூடாரத்துக்குப் போன மாலை வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காலையில் எழுந்தபோது கூடாரத்தின் கூரை என் முகத்துக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கையால் தள்ளினேன், பொத்தென்று ஏதோ சரிந்து விழுந்தது. வெளியே எல்லாம் வெள்ளை. முந்தின நாள் பார்த்த பாதை, கல், ஆற்றங்கரை எதுவுமில்லை. மகள் கத்திக்கொண்டு ஓடினாள். மாமா குரங்குக் குல்லாயோடு வந்து குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். நிமிர்வதற்கு நேரமாயிற்று. கூடாரக்காரர் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் சீக்கிரம் வந்துவிட்டது, உடனே இறங்குங்கள், இல்லையென்றால் மாட்டிக்கொள்வீர்கள் என்று இந்தியில் சொன்னார்.

இறங்கினோம். இரண்டு மணி நேரம் வண்டி ஊர்ந்தது. கண்ணாடி துடைப்பானின் சத்தத்தைவிட மாமாவின் மூச்சுச் சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது. ஓர் இடத்தில் பாதையை ஓடை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதன் நடுவில் ஒரு லாரி சக்கரம் புதைந்து நின்றது. பக்கத்தில் ஆற்றை ஒட்டி அகலமான வெட்டவெளி. அங்கே மட்டும் பனி நிற்கவில்லை, விழுந்ததும் கரைந்தது. வழுவழுவென்று சாம்பல் நிற மண், ஈரமாக.

என் கணவர் இறங்கிப் போய் ஓரத்தில் காலால் மிதித்துப் பார்த்தார். திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"நைனா, பாத்தியா. நம்ம மண்ணு."

மாமா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நம்ம மண்ணேதான். நனைஞ்சிகீது. தாங்கும், ஓட்டு."

நானும் பார்த்தேன். அதே நிறம். அதே மாவு போன்ற நைசு. மழைக்குப் பிறகு மேட்டின் முகத்தில் வரும் அதே மினுமினுப்பு. எதற்கும் பயப்படுகிறவள், அதற்குப் பயப்படவில்லை. வேறு எந்த ஊர்க்காரரும் அந்த மண்ணில் வண்டியை இறக்கியிருக்க மாட்டார்கள். லாரிக்காரர் கதவைத் திறந்து கையை ஆட்டினார். அவர் தடுத்தார் என்று இப்போது தெரிகிறது.

பத்து கஜம் போனோம். பிறகு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல், ஆட்டி வைத்த உளுந்து மாவில் கரண்டி இறங்குவதுபோல. மேலே ஒரு சாண் கெட்டி, கீழே கூழ். என் கணவர் இறங்கியபோது முழங்கால் வரை உள்ளே போனார். எங்கள் மேட்டு மண்ணுக்குக் கீழே எங்கள் மேட்டு மண்தான் இருக்கும். இங்கே கீழே பனி உருகி வந்த ஆறு இருந்தது.

லாரிக்காரர் வந்து பார்த்தார். திட்டினார், பிறகு மகளைப் பார்த்துத் திட்டுவதை நிறுத்தினார். போனில் ஒரு கோடு கூட இல்லை. கீழே சில மைல் தள்ளி சாலை வேலை நடக்கிறது, அங்கே மண் அள்ளும் பொக்லைன் இருக்கும், நடந்து போய்க் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினார். காலை பத்து மணி இருக்கும்.

என் கணவர் சாப்பாட்டுத் தட்டை வைத்து மண்ணை வாரத் தொடங்கினார். வாரின இடம் உடனே நிரம்பியது. நான் இன்ஜினை ஓடவிட்டு, சூடு வரும்படி வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். மாமாவுக்குக் குளிர் ஆகாது. வழியில் வாங்கிய கைக்கடக்கமான ஆக்ஸிஜன் டப்பாவை அவர் மூக்கில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அவரால் பேச முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கினார்.

மகள் என் மடியில் தூங்கிப்போனாள். நல்லதாயிற்று என்று நினைத்தேன். எனக்கும் தலை வலித்தது; உயரம் என்று நினைத்தேன். கண் செருகியது.

டக் என்று சத்தம். மாமா ஸ்டீல் தம்ளரால் ஜன்னல் கண்ணாடியில் தட்டினார். ஒரு தட்டு. தண்ணீர் கேட்கிறார் என்று பாட்டிலை நீட்டினேன். தள்ளினார். மறுபடி ஒரு தட்டு. என்னை அப்படிக் கோபமாக அவர் பார்த்ததில்லை. கையைத் தூக்கி முன்சீட்டுப் பக்கம் காட்டினார். சாவி.

நிறுத்து என்கிறார்.

"நிறுத்தினா குளிரும் மாமா. உங்களால தாங்க முடியாது."

ஒரு தட்டு.

நான் முன்பக்கம் எக்கிச் சாவியைத் திருப்பினேன். அவர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தள்ளித் திறந்தார். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. மகளை எழுப்பினேன். எழவில்லை. கன்னத்தில் தட்டினேன், பிறகு அறைந்தேன். கழுத்து ஒரு பக்கம் தொங்கியது. அவளை வெளியே தூக்கி நீட்டியபடி நான் போட்ட சத்தத்தில் என் கணவர் ஓடிவந்தார். அவள் வாந்தி எடுத்தாள். அப்புறம் அழுதாள். அந்த அழுகையைப் போல ஒன்றை நான் இனிக் கேட்கப் போவதில்லை.

புகை போகும் குழாய் மண்ணுக்குள் புதைந்து, புகை வண்டிக்குள்ளேயே வந்திருந்தது. மைன்ஸில் இறங்கிய ஆட்களுக்குத் தெரியும், கெட்ட காற்றுக்கு வாடை கிடையாது, தூக்கம்தான் வரும். மாமாவுக்கு அது நினைவிருந்தது. படித்த எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு இன்ஜினைப் போடவில்லை. கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு திறந்தே வைத்தோம். இருந்த போர்வை எல்லாவற்றையும் மகளுக்குச் சுற்றினேன். ஒன்றை மாமாவுக்குப் போர்த்தினால் இழுத்து அவள் மேல் போட்டார். அவருக்குச் சூடு வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தச் சூட்டை நிறுத்தியவர் அவர்தான்.

பேச முடியாத தாத்தாவோடு மகள் ஒரு விளையாட்டை ஏற்படுத்திக்கொண்டாள். பாட்டில் மூடியால் கதவில் மூன்று தட்டுவாள். அவர் தம்ளரால் மூன்று தட்டுவார். ஆள் இருக்கிறான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. போகப்போக அவர் பதில் வர அதிக நேரமாயிற்று. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். மதியம் தாண்டி ஒரு முறை அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, தாத்தா ரெண்டுதான் அடிக்கறாரு. எறக்குன்னு சொல்றாரா?"

தாத்தாவுக்குக் கை வலிக்கிறது என்றேன்.

என் கணவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். விரல் நுனிகள் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. திரும்பி அப்பாவின் உதட்டைப் பார்த்தார். அது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. போன வாரம் கூட நல்லாதானே இருந்தார், திடீரென்று ஏன் இப்படி என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகத்தான். நான் கைப்பையைத் திறந்து, உள் ஜிப்பிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

இரண்டு முறை படித்தார்.

"நைனாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மாமா கண்ணை மூடியிருந்தார்.

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது," என்றார். சீட்டை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, வெளியே போய் மறுபடி வாரத் தொடங்கினார். பிரயோஜனமில்லை என்று அவருக்கும் தெரியும்.

நாலு மணிக்குப் பொக்லைன் வந்தது. சங்கிலி கட்டி இழுத்தார்கள். கால் மணி நேர வேலை.

கீழே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அடுத்த நாள் பெரிய ஆஸ்பத்திரி. மூன்று வாரம். மகளுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மாமாவைப் பற்றிச் சொல்லும்போது மெல்லிய குரலில் சொன்னார்கள்: மிச்சம் இருந்ததும் போய்விட்டது, போனது திரும்பாது. சிலிண்டரோடு எப்படியோ ஊர் கொண்டுவந்து சேர்த்தோம்.

இப்போது அவர் கட்டிலில் இருக்கிறார். பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் நான் ஓடிப்போய்ச் சிலிண்டரை மாற்றுகிறேன். பேசுவதற்கு மூச்சு போதாது. கட்டில் கம்பியில் தட்டுகிறார். விகாரத்து ஆட்கள் ஒரு ஞாயிறு வந்து, மலை மடம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மாமா என்னைக் கை காட்டினார். உப்பு டீயைச் சொன்னேன். சிரித்தார்கள். மாமா கம்பியில் இரண்டு தட்டினார். இன்னும் ஊற்று, இன்னும் சொல். படிகளைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன். அவர்கள் போன பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

என் கணவர் என்னைத் திட்டவில்லை. ரயிலில் இப்போது தூங்கிவிடுகிறேன் என்கிறார். வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் மாமாவுக்கு மிகவும் முடியாமல் போயிற்று. டாக்டர் வந்து பார்த்தார். பெங்களூருக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் வைக்கலாம், மிஷினை எடுக்க முடியுமா என்று சொல்ல முடியாது என்றார். என் கணவர் ஆம்புலன்ஸ் வேனை வரச் சொல்லிவிட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் சந்தில் வேன் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவின் முதுகுக்குக் கீழே கை கொடுத்தார்.

கம்பியில் ஒரு தட்டு.

என் கணவர் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"இன்னா சொல்றாரு?"

அவருக்குத் தெரியாதா. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மகளுக்கே தெரியும். ஆனாலும் என் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று கேட்டார். இன்னொரு தட்டு விழாதா என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்றாருங்க."

"நீ இன்னா சொல்ற?"

கூட்டிப் போனால் குழாயோடு போய்விடுவார். போகாவிட்டால் இங்கேயே போய்விடுவார். எதைச் சொன்னாலும் நாளைக்கு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

"ஒத்த பெல்லுதாங்க," என்றேன்.

அவர் மெல்லக் கையை உருவிக்கொண்டார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெளியே போய் வேனைத் திருப்பி அனுப்பினார். அங்கேயே திருப்ப இடமில்லாததால் வேன் சந்தின் கடைசி வரை போய்த் திரும்பி, எங்கள் வாசலை இன்னொரு முறை கடந்து போனது.

இரண்டு நாள்தான் தாங்குவார் என்றார் டாக்டர். மூன்று வாரமாகிவிட்டது. இன்னும் இருக்கிறார். மேலும் இல்லை, கீழும் இல்லை. அன்று நான் சொன்னது சரியா, ஆகஸ்டில் சொல்லாதது தவறா, அவர் கேட்டதால்தானே சொல்லவில்லை, அவர் கேட்டதால்தானே சொன்னேன் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருக்கிறேன். காலையில் அவர் நகங்களைப் பார்க்கிறேன். பாஸா என்று அவர் கேட்பதில்லை.

இது காற்று மாதம். மேட்டிலிருந்து மண் கிளம்பத் தொடங்கிவிட்டது. ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருக்கிறேன், இருந்தாலும் வருகிறது. மிஷினின் வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவச் சொன்னார்கள். நான் தினமும் கழுவுகிறேன். குழாயடியில் பிடித்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடும். அடியில் கொஞ்சம் மண் தங்கும். நேற்று அதை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கிறது.